கைல வந்த 5 லட்சம்: வீட்டுக்கடன்ல மொத்தமா கட்டிடறதா, பிரிச்சு கட்டறதா, வச்சுக்கறதா

போன தை மாசம் எங்க பங்கு வீடு கைமாறிடுச்சு. பள்ளத்தூர்ல முகப்பு, பட்டாலை, வளவு, ரெண்டாங்கட்டுன்னு இந்த தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியற வீடு, பங்காளிக பிரிஞ்சு பிரிஞ்சு கடைசில யாரும் குடியில்லாம முன்னோருக்கு படையல் போடற படைப்புக்கு மட்டும் தொறக்கறதா ஆகிப்போச்சு, ஓடு மாத்தக்கூட ஆளாளுக்கு பணம் போட முடியல. வித்தாச்சு. எனக்கு கல்யாணத்தப்பவே அப்பச்சி, எங்க அப்பாதான், எல்லாம் செஞ்சு முடிச்சுட்டாக, அதனால அப்பச்சி பங்கு தம்பிக்குன்னு நானே சொல்லிட்டேன். செலவெல்லாம் போக அவன் கைக்கு 5 லட்சம் வந்துச்சு. பணம் அக்கவுண்ட்ல ஏறுன அன்னைக்கு சாயங்காலமே எனக்கு போன் பண்றான் (எங்க பக்கம் அக்காவ ஆச்சின்னுதான் கூப்பிடுவாக), "ஆச்சி, நாளைக்கே போயி அம்புட்டையும் லோன்ல கட்டிடறேன், சனியன் தொலையட்டும்"னு.

நான் காரைக்குடில ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல 14 வருஷமா கணக்கு பாக்கறேன். ஒரு வாரம் பொறுடான்னு சொல்லி, எல்லா வழிக்கும் கணக்கு போட்டு பாத்தேன். அதைத்தான் இங்க எழுதறேன், ஏன்னா இதே கேள்விய எங்க ஆபீஸ்ல மாசத்துக்கு ரெண்டு பேராவது கேக்கறாக, போனஸ் வந்துச்சு, சீட்டு எடுத்தேன், நிலம் வித்தேன், லோன்ல போடவான்னு.

முதல்ல அவன் நிலைமை. கழனிவாசல் பக்கம் வீடு கட்டி 4 வருஷம் ஆச்சு, ஒரு ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனில 25 லட்சம், 20 வருஷம், 8.5% வட்டி, மாறும் வட்டிதான், இஎம்ஐ 21,696. டூவீலர் ஷோரூம்ல சர்வீஸ் மேனேஜர், கைக்கு வர்ற சம்பளம் 55,000. பையன் எட்டாவது, பொண்ணுக்கு 7 வயசு, எங்க ஆத்தா அவன்கூடத்தான் இருக்காக, 68 வயசு, சுகர், பிரஷர் ரெண்டும். வட்டி நடுவுல கொஞ்சம் ஏறி இறங்குச்சு, ஆனா கணக்கு புரியறதுக்காக 4 வருஷமும் 8.5ன்னே வச்சுக்கறேன்.

இந்த 4 வருஷத்துல அவன் கட்டுனது 10 லட்சத்து 41 ஆயிரம். அசல் எவ்வளவு குறைஞ்சுதுன்னு கேட்டா 2 லட்சத்து 27 ஆயிரம்தான், மீதியெல்லாம் வட்டிக்கு போயிடுச்சு. இன்னும் 22 லட்சத்து 73 ஆயிரம் நிக்குது. முதல் மாசம் கட்டுன 21,696ல அசலுக்கு போனது 3,988 ரூபா மட்டும். இதை முதல் தடவையா பாக்கறவங்களுக்கு வயித்தெரிச்சலா இருக்கும், நம்மள ஏமாத்திட்டாங்களோன்னு தோணும், ஆனா யாரும் ஏமாத்தல, மிச்சம் இருக்கற அசலுக்கு வட்டிய எடுத்துக்கிட்டு மீதிய அசல்ல கழிக்கறாங்க, ஆரம்பத்துல அசல் பெருசா இருக்கறதால வட்டிதான் முக்காவாசி முழுங்கும். தம்பி கோவம் புரியுது.

ஆனா அவன் வீட்டுக்கு அந்த ஞாயித்துக்கிழமை நான் போனப்ப பாத்தத சொல்லணும். தம்பி பொண்டாட்டி இட்லி எடுத்து வச்சுட்டு அவ மட்டும் சாப்பிடாம நிக்கறா. பக்கத்துல போனா கிராம்பு தைல வாசனை. என்னம்மா பல்வலியான்னு கேட்டா இல்லைங்கறா. சமையக்கட்டுல மசாலா டப்பாக்கு பின்னாடி பஞ்சும் தைல பாட்டிலும் இருந்துச்சு, பாட்டில்ல அடில கொஞ்சம்தான் மிச்சம். மூணு வாரமா ஒரு பக்கமாவே மென்னுக்கிட்டு இருந்திருக்கா, வேர் சிகிச்சை பண்ணி கேப் போட 8,000 ஆகும்னு யாரோ சொல்லி, இந்த மாசம் வேணாம் அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு. பொண்ணு பரதநாட்டிய கிளாஸ நிறுத்தி ரெண்டு மாசம் ஆகுது, அதுவும் அன்னைக்குத்தான் தெரியும், "அயித்தை, அப்பா லோன் முடிஞ்சதும் திரும்ப சேத்து விடறேன்னு சொல்லிருக்காக"ன்னு அது பாட்டுக்கு சொல்லுது. லோன் முடிய 16 வருஷம் இருக்கு. அதுக்கு அப்ப 23 வயசு.

அதுக்கப்புறம்தான் நான் வட்டி கணக்கு மட்டும் போடறத விட்டுட்டு மாசச்செலவு, ஆஸ்பத்திரி, படிப்பு எல்லாத்தையும் சேத்து உக்காந்தேன்.

இதுல எனக்கு பட்ட அடியும் ஒண்ணு இருக்கு. 2019ல எங்க வீட்டுக்காரரும் நானும் இதே வேகத்துலதான் இருந்தோம். அவரு பிரஸ் வச்சிருக்காரு, கல்யாண பத்திரிகை, காலண்டர், பில் புக். 4 லட்சம் எஃப்டி இருந்துச்சு, 3.5 லட்சத்த எடுத்து வீட்டுக்கடன்ல கட்டிட்டு பெருமையா இருந்தோம். 2020 மார்ச்ல ஊரடங்கு. பங்குனி, சித்திரை, வைகாசி முகூர்த்தம் எல்லாம் போச்சு, அச்சடிச்ச பத்திரிகைக்கே காசு வரல, புதுசா யாரு அடிக்கறா. பேங்குல போயி நாங்க கூடுதலா கட்டுன பணத்துல ஒரு லட்சமாவது திரும்ப கிடைக்குமான்னு கேட்டேன், அது முடியாதுங்க, டாப்-அப் லோன், அதே வீட்டு மேல கூடுதல் கடன், வேணா அப்ளை பண்ணுங்க, ஐடி ரிட்டர்ன் கொண்டு வாங்க, ப்ராசஸிங் ஃபீஸ் ஆகும்னு சொன்னாங்க. அவங்க மேல தப்பில்ல, விதி அதுதான். கடைசில என் செயின அடகு வச்சோம், அந்த வட்டி வீட்டுக்கடன் வட்டிய விட ஜாஸ்தி. 8.5 வட்டிய மிச்சம் பண்ண போயி அத விட கூட வட்டிக்கு வாங்குனோம். இஎம்ஐய தள்ளி வைக்கற சலுகை அப்ப குடுத்தாங்க, எடுத்தோம், ஆனா அந்த மாசங்களுக்கும் வட்டி ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு.

செவுத்துக்குள்ள போன பணம் திரும்ப கைக்கு வராது, இதுதான் நான் அன்னைக்கு கத்துக்கிட்டது. எங்க ஊர்க்காரங்களுக்கு இது புதுசும் இல்ல. பர்மாவுக்கு கொண்டு விக்க, அதாவது வட்டித் தொழில் பண்ண, போன தலைமுறை நெல் விவசாயிக்கு கடன் குடுத்துச்சு, 1930 மந்தத்துல நெல் விலை விழுந்ததும் வாங்குனவங்களால கட்ட முடியல, காசுக்கு பதிலா நிலம் வந்துச்சு. கீழ் பர்மால நெல் விளையற நிலத்துல கால்வாசி செட்டியார்கள் கைக்கு வந்திருச்சுன்னு சொல்ற அளவுக்கு. ஐந்தொகைல (பேலன்ஸ் ஷீட்) சொத்து பெருசா தெரிஞ்சுது, பெட்டில பணம் இல்ல. 1942ல ஜப்பான்காரன் வந்தப்ப நிலத்த தூக்கிட்டு வர முடியுமா, நெறைய பேரு நடந்தே வந்து சேந்தாக. எங்க ஐயா பேரேடு எழுதறப்ப "கையிருப்பு" வரிய மட்டும் தனியா அடிக்கோடு போடுவாக, சின்ன வயசுல ஏன்னு கேட்டதில்ல.

சரி, வழிகளுக்கு வரேன். பணம் கட்டறதுக்கு முன்னாடியே காசில்லாம செய்யற வேலை ஒண்ணு இருக்கு, அதை முக்காவாசி பேரு செய்யறதே இல்ல. உங்க கடனோட வட்டி இப்ப எவ்வளவு, மிச்ச தவணை எத்தனைன்னு ஸ்டேட்மெண்ட் வாங்கி பாருங்க. 2022 மே மாசத்துலருந்து 2023 பிப்ரவரிக்குள்ள ரெப்போ, அதாவது ரிசர்வ் பேங்க் (ஆர்பிஐ) மத்த பேங்குகளுக்கு குடுக்கற கடனோட வட்டி, 4ல இருந்து 6.5க்கு ஏறுச்சு, அப்ப நெறைய இடத்துல இஎம்ஐய ஏத்தாம தவணை காலத்த நீட்டி விட்டுட்டாங்க, 20 வருஷம்னு வாங்குனவங்க 25, 27ன்னு ஆகிருக்கறத எங்க ஆபீஸ்லயே பாத்தேன். அதுக்கப்புறம் 2023 ஆகஸ்ட்ல ஆர்பிஐ சொல்லிடுச்சு, வட்டி மாறுறப்ப இஎம்ஐய கூட்டறதா, காலத்த நீட்டறதா, நிலையான வட்டிக்கு மாறுறதான்னு வாங்குனவங்கள கேக்கணும்னு. 2025 பிப்ரவரில ஆரம்பிச்சு டிசம்பருக்குள்ள ரெப்போ 5.25க்கு இறங்கிடுச்சு. பேங்குல 2019 அக்டோபருக்கு அப்புறம் வாங்குன மாறும் வட்டி வீட்டுக்கடன் வெளி அளவுகோலோட, பெரும்பாலும் ரெப்போவோட, கட்டப்பட்டது, அதனால தானா குறையும். ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனிக அவங்கவங்க சொந்த அளவுகோல் வச்சிருக்காங்க, அங்க நம்ம போயி கேட்டாத்தான் குறைப்பாங்க, அதுக்கு ஒரு சின்ன கட்டணம் இருக்கும். தம்பிக்கு 8.5 இருக்கறது 7.75 ஆச்சுன்னா, அதே இஎம்ஐ கட்டிக்கிட்டு இருந்தா மிச்சம் 192 மாசம் 176 ஆகும். 16 மாசம், கைல இருந்து பெருசா ஒண்ணும் போடாம. எழுதி குடுத்திருக்கான், இன்னும் பதில் வரல, வரலைன்னா பேங்குக்கு மாத்தறதா இல்லையான்னு அப்புறம் பாக்கணும், மாத்தறதுக்கும் லீகல் ஃபீஸ், பத்திர செலவுன்னு இருக்கு.

இப்ப அவன் சொன்ன வழி, 5 லட்சத்தையும் அப்படியே கட்டறது. அசல் 17 லட்சத்து 73 ஆயிரமா இறங்கும். இஎம்ஐ அதே 21,696ன்னா 192 மாசம் 123 ஆகுது, கிட்டத்தட்ட 5 வருஷம் 9 மாசம் குறையுது, வட்டில மட்டும் 10 லட்சம் மிச்சம். கேக்கவே நல்லாருக்கு. மாறும் வட்டி கடனுக்கு முன்கூட்டி கட்டறதுக்கு தனிநபர்கிட்ட அபராதம் வாங்கக்கூடாதுங்கறதால அந்த செலவும் இல்ல. ஆனா அந்த 10 லட்சம் பத்து வருஷம் கழிச்சுதான் கண்ணுல தெரியும், அடுத்த மாசமும் அதே 21,696 போகும், அதே பல்வலி இருக்கும், கைல சுத்தமா ஒண்ணும் இருக்காது. ஆத்தாவ ஒரு நாள் மதுரைக்கு கூட்டிட்டு போற மாதிரி ஆச்சுன்னா மறுபடி அடகுக்கடைதான்.

அதே 5 லட்சத்த கட்டிட்டு காலத்த அப்படியே விட்டு இஎம்ஐய குறைக்க சொல்லலாம். அப்ப மாசம் 16,924 ஆகும், 4,772 ரூபா கையில நிக்கும். வட்டி மிச்சம் 4 லட்சத்து 16 ஆயிரம்தான். எல்லாரும் சொல்றது காலத்த குறை, அதுதான் லாபம்னு. கணக்குப்படி சரி, ஆனா ஒரு விஷயத்த யாரும் சொல்றதில்ல, இஎம்ஐய குறைச்சுட்டு அந்த 4,772ஐ நல்ல மாசத்துல நம்மளே கூடுதலா கட்டிக்கிட்டு வந்தா ரெண்டும் ஒண்ணுதான், அதே 123 மாசத்துல முடிஞ்சிடும், கெட்ட மாசம் வந்தா கூடுதல நிறுத்திக்கலாம், அபராதம் கிடையாது. எங்க பிரஸ் மாதிரி சீசன் வருமானம் உள்ளவங்களுக்கு, புதுவயல்ல அரிசி வியாபாரம், ஆத்தங்குடில கல்லு போடறவங்க, கல்யாண சமையல் காண்ட்ராக்ட் எடுக்கறவங்க, இவங்களுக்கெல்லாம் நான் இதைத்தான் சொல்வேன். ஆனா அந்த கூடுதல மாசாமாசம் கட்டற கட்டுப்பாடு வேணும், இல்லைன்னா அது பாட்டுக்கு செலவுல கரைஞ்சிடும். தம்பிக்கு மாசச்சம்பளம், அவன் கொஞ்சம் தாராளமா மொய் எழுதற ஆளும்கூட, அதனால அவனுக்கு காலத்த குறைக்கறதுதான் சரின்னு பட்டுச்சு.

மூணாவது, கட்டவே வேணாம், அந்த பணத்த போட்டு வை, சம்பாதிச்சு குடுக்கும்னு அவன் ஃப்ரெண்டு ஒருத்தர் சொன்னாராம். எஃப்டில போட்டா 6.5% வருதுன்னு வச்சுக்கங்க, வருஷம் 32,500. அதே 5 லட்சத்துக்கு கடன்ல வட்டி 42,500 கட்டறான். வருஷம் 10,000 நட்டம். மியூச்சுவல் ஃபண்டுல போட்டா நீண்ட காலத்துல கடன் வட்டிய விட கூட வரலாம்தான், வராமலும் போகலாம், கடன்ல கட்டுனா 8.5 நிச்சயம். ராத்திரி தூக்கம் வராத ஆளுக்கு "வரலாம்"ங்கற வார்த்தைய வச்சு நான் யோசனை சொல்ல மாட்டேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் கிட்டத்தட்ட சமமா நிக்குது, பொண்ணு பேர்ல செல்வமகள் சேமிப்பு. 2024 ஜனவரில 8.2% ஆக்குனாங்க, வரியும் கிடையாது, 10 வயசுக்குள்ள ஆரம்பிக்கணும், 18 வயசுக்கு மேல படிப்புக்கு பாதி எடுக்கலாம். அதை மாசம் 500, 1,000ன்னு போஸ்டாபீஸ்ல சின்னதா ஆரம்பிக்கச் சொன்னேன், பெருசா வேணாம், அதுவும் பூட்டி வைக்கற பணம்தான்.

வட்டி கட்டுனா வரில மிச்சம் பண்ணலாமே, ஏன் லோன முடிக்கணும்னு கேக்கறவங்க எங்க ஆபீஸ்ல இன்னும் வர்றாங்க. பழைய வரி முறைல இருந்து, 20%, 30% கட்டறவங்களுக்கு அது உண்மை, குடியிருக்கற வீட்டுக்கு வருஷம் 2 லட்சம் வரைக்கும் வட்டிய கழிக்கலாம். புது முறைல குடியிருக்கற வீட்டுக்கு அந்த கழிவே கிடையாது. தம்பி சம்பளம் வருஷம் 6.6 லட்சம், புது முறைல 12 லட்சம் வருமானம் வரைக்கும் வரியே இல்லைன்னு 2025 பட்ஜெட்ல ஆகிடுச்சு. வரியே கட்டாத ஆளுக்கு வரி மிச்சம்னு ஒரு காரணமே இல்ல, அதை அடிச்சு விட்டேன்.

நாலாவது வழிதான் நான் எதிர்பாக்காம கெடச்சது. கைல மொத்தமா ஒரு பைசா இல்ல, ஆனா வருஷா வருஷம் சம்பளம் ஏறுறப்ப இஎம்ஐய 5% மட்டும் ஏத்திக்கிட்டே போறதுன்னு வச்சு கணக்கு போட்டேன். இந்த வருஷம் 22,781, அடுத்த வருஷம் 23,920, இப்படி. முடிய 10 வருஷம் 3 மாசம். அதாவது 123 மாசம். 5 லட்சத்த ஒரே நாள்ல கொட்டுனா வர்ற அதே 123! ரெண்டு தடவ போட்டு பாத்தேன். பத்தாவது வருஷத்துல இஎம்ஐ 35,000க்கு மேல போயிடும், அது நெசம், சம்பளம் ஏறாத வருஷத்துல ஏத்தக்கூடாது, ஆனா 5 லட்சத்த பத்திரமா வீட்ல வச்சுக்கிட்டே அதே எடத்துக்கு போய் சேர ஒரு பாதை இருக்குங்கறதே தம்பிக்கு பெரிய ஆறுதலா இருந்துச்சு. 5% முடியாதவங்க வருஷத்துக்கு ஒரே ஒரு இஎம்ஐ கூடுதலா கட்டலாம், தீபாவளி போனஸ்ல, அதுவே ரெண்டு வருஷத்துக்கு மேல குறைக்கும்.

ஓவர்டிராஃப்ட் மாதிரி வீட்டுக்கடனும் இருக்கு, எஸ்பிஐல மேக்ஸ்கெய்ன்னு ஒண்ணு, உபரி பணத்த அந்த அக்கவுண்ட்ல போட்டு வச்சா அந்த அளவுக்கு வட்டி ஓடாது, வேணும்னா எடுத்துக்கலாம். கேக்க எல்லா பிரச்சனையும் தீந்த மாதிரி இருக்கும். வட்டி சாதா கடன விட கொஞ்சம் கூட, மாறணும்னா மறுபடி பேப்பர் வேலை, அதுவுமில்லாம எடுக்க முடியும்னா எடுத்துருவோம். கடை வச்சிருக்கறவங்க, மாசாமாசம் லட்சக்கணக்குல பணம் வந்து போறவங்க எடுக்கலாம். 5 லட்சத்துக்காக தம்பி அங்க மாற வேண்டியதில்ல.

இதுக்கெல்லாம் முன்னாடி வேற கடன் இருக்கான்னு பாக்கணும், இதை வேகமா சொல்லிடறேன். கிரெடிட் கார்டு பாக்கி, பர்சனல் லோன், கந்துவட்டி, நகை அடகு, இதுல எது இருந்தாலும் வீட்டுக்கடன தொடாதீங்க, அதை முடிங்க. வீட்டுக்கடன்தான் இருக்கறதுலயே குறைஞ்ச வட்டி. தம்பிக்கு அப்படி எதுவும் இல்ல, நல்லவேளை.

அப்புறம் ஆஸ்பத்திரி. அவன் கம்பெனி இன்சூரன்ஸ்ல அவன், பொண்டாட்டி, பிள்ளைக மட்டும் இருக்காங்க, ஆத்தா இல்ல. ஆத்தாவுக்கு தனியா எடுக்கலாம், 65க்கு மேல குடுக்க மாட்டோம்னு இப்ப சொல்ல முடியாது, 2025 செப்டம்பர் 22லருந்து தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு ஜிஎஸ்டியும் இல்ல. ஆனா ஏற்கனவே இருக்கற சுகருக்கு 3 வருஷம் வரைக்கும் காத்திருக்க வைக்கலாம். அந்த 3 வருஷத்துக்கு நம்ம கையிருப்புதான் இன்சூரன்ஸ். முதலமைச்சர் காப்பீட்டு திட்டத்துக்கு குடும்ப வருமானம் வருஷம் 1.2 லட்சத்துக்குள்ள இருக்கணும், அவனுக்கு வராது. தம்பிக்கு ஒரு டேர்ம் பாலிசி, ஆள் போயிட்டா குடும்பத்துக்கு பணம் வர்ற ஆயுள் காப்பீடு, அதையும் லோன் குடுத்த எடத்துலயே வாங்கணும்னு கட்டாயம் இல்ல, வெளில கேட்டு பாத்து வாங்கிக்கலாம். அவனுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அந்த 22 லட்சம் யாரு தலைல விழும்னு கேட்டேன், ரொம்ப நேரம் பேசவே இல்ல.

ஆக எங்க முடிவு இது. வீட்டுச்செலவு 28,000, இஎம்ஐ 22,000, மாசம் 50,000 வேணும். ஆறு மாசத்துக்கு 3 லட்சம். அதை தொடக்கூடாது, ஒரே எஃப்டியா போடாம 50,000, 50,000மா ஆறு எஃப்டி, ஒண்ண ஒடைச்சா மத்தது ஒடையாது. மீதி 2 லட்சத்த கடன்ல கட்டறது. அப்ப 192 மாசம் 160 ஆகுது, 32 மாசம் குறையுது, வட்டில சுமார் 4 லட்சத்து 94 ஆயிரம் மிச்சம். அந்த 3 லட்சத்த கட்டாம வச்சிருக்கறதால நட்டம் எவ்வளவுன்னு தம்பி விடாம கேட்டான். கடன்ல 8.5, எஃப்டில 6.5, வித்தியாசம் 2%, இன்னைக்கு கணக்குக்கு வருஷம் 6,000, மாசம் 500 ரூபா. ஒரு வீட்ல இருக்கற அஞ்சு பேரும் நிம்மதியா தூங்கறதுக்கு மாசம் 500 ரூபா குடுக்கலாம்னு நான் சொன்னேன், அதுல எனக்கு துளி சந்தேகம் இல்ல.

இந்த பிரிப்பு எல்லாருக்கும் பொருந்தாது. எங்க பெரியப்பச்சி மகன் சிங்கப்பூர்ல இருக்காரு, வேலை பர்மிட்ட நம்பித்தான் எல்லாம், அவரு வருஷச்செலவையே கையிருப்பா வச்சுக்கிட்டு அதுக்கு மேல வந்தா கட்டணும். ரெண்டு பேரும் அரசு வேலைன்னா மூணு மாசம் போதும், மீதிய தைரியமா கடன்ல போடலாம். 52, 53 வயசாச்சு, ரிட்டயர்மெண்ட் தாண்டியும் தவணை ஓடுதுன்னா அவங்க மட்டும் மொத்தமா அடிக்கறதுல நியாயம் இருக்கு, அதுவும் பிஎஃப் பணத்த தொடாம.

கட்டறப்ப ஒரு லெட்டர் கட்டாயம். சும்மா ஆன்லைன்ல பணத்த போட்டுட்டு வந்தா அட்வான்ஸ் இஎம்ஐயா எடுத்துக்கறதும் உண்டு, காலத்துக்கு பதிலா இஎம்ஐய குறைச்சு விடறதும் உண்டு. தம்பிக்கு நான் எழுதி குடுத்தது இதுதான்: "இந்த 2,00,000 ரூபாயை அசலில் வரவு வைக்கவும். மாதத் தவணை 21,696 மாறாமல், தவணைக் காலத்தை மட்டும் குறைக்கவும். திருத்திய தவணை அட்டவணை வேண்டும்." ரெண்டு காப்பி, ஒண்ணுல சீல் வாங்கிட்டு வரணும். எப்பவாச்சும் முழுசா முடிக்கறவங்களுக்கு, முடிஞ்ச 30 நாள்ல மூலப்பத்திரம் திரும்ப குடுக்கணும், அவங்க தப்பால லேட்டானா நாளைக்கு 5,000 ரூபா குடுக்கணும்னு ஆர்பிஐ விதி 2023 டிசம்பர்லருந்து இருக்கு, அதை கேட்டு வாங்குங்க. சார்பதிவாளர் ஆபீஸ்ல அடமான பதிவுக்கு, கடன் தீந்துச்சுங்கற ரசீது ஆவணம் பதிஞ்சு, வில்லங்கம் போட்டு பாத்து கடன் முடிஞ்சது ஏறிருக்கான்னு பாக்கற வரைக்கும் வேலை முடியல.

போன வாரம் புது அட்டவணை வந்துச்சு, மிச்சம் 160னு போட்டிருந்தத தம்பி போட்டோ எடுத்து அனுப்பிருந்தான். அவன் பொண்டாட்டிக்கு செக்காலை ரோட்டுல ஒரு டாக்டர்கிட்ட ரெண்டு சிட்டிங் முடிஞ்சுது, கேப் வர்ற புதன்கிழமை. இப்ப ரெண்டு பேருக்கும் ஒரு பேச்சு ஓடிக்கிட்டு இருக்கு. ஏப்ரல்ல சம்பளம் ஏறும், மாசம் 1,000 ரூபா இஎம்ஐய ஏத்துனா 160 அப்படியே 148 ஆகும், ஒரு வருஷம் கொறையுதேன்னு அவன் சொல்றான், டான்ஸ் கிளாஸ் ஃபீஸ் 600 போக மிச்சத்துக்கு ஏத்துங்கன்னு அவ சொல்றா. என்கிட்ட கேட்டாங்க. நான் அவ பக்கம்.